கேட்கும் கடவுச்சொல், காக்கும் கடவுச்சொல்

2007 அக்டோபரில் பிரிட்டனின் வருவாய், சுங்கத் துறை அலுவலகம் ஒன்றிலிருந்து இரண்டு குறுந்தகடுகள் கூரியரில் லண்டனுக்குக் கிளம்பின. அவை போய்ச் சேரவேயில்லை. குழந்தைகளுக்கான அரசு உதவித்தொகையோடு தொடர்புடைய சுமார் 2.5 கோடிப் பேரின் பெயர், முகவரி, பிறந்த தேதி, வங்கிக் கணக்கு விவரங்கள் அவற்றில் இருந்தன. நவம்பர் 20 அன்று நிதியமைச்சர் ஆலிஸ்டர் டார்லிங் நாடாளுமன்றத்தில் விஷயத்தைச் சொன்னார். துறையின் தலைவர் பதவி விலகினார். தகடுகளுக்குக் கடவுச்சொல் போட்டிருந்தார்கள். ஆனால் உள்ளே இருந்த தகவலை மறையாக்கம் செய்திருக்கவில்லை.

வீட்டுக் கணினியிலும் அலுவலகக் கணினியிலும் சொந்தக் கோப்புகளைப் பூட்டி வைப்பது பற்றிய பேச்சு முழுவதும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறது. ஒரு கோப்பு கடவுச்சொல் கேட்கிறது என்பதாலேயே அது பாதுகாப்பாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். கேட்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், தகவல் வட்டில் எப்போதும்போல அப்படியே கிடக்கிறது. ஒரு மென்பொருள் மட்டும் வாசலில் நின்று கேள்வி கேட்கிறது. வேறொரு மென்பொருளால் அந்த வட்டை நேரடியாகப் படித்தால் கேட்க ஆளில்லை. இன்னொன்றில், அதாவது மறையாக்கத்தில், கடவுச்சொல்லிலிருந்து ஒரு சாவி கணக்கிடப்பட்டு, அதைக் கொண்டு கோப்பின் உள்ளடக்கமே உருமாற்றப்படுகிறது. சாவி இல்லாதவருக்கு அது பொருளற்ற எண் குவியல். எந்த மென்பொருளால் திறந்தாலும் அதே குவியல்தான். முதல் வகையைப் பாதுகாப்பு என்று சொல்லி விற்பதும் வாங்குவதும் இன்றுவரை தொடர்வதுதான் எனக்குப் பெரிய கவலை.

கணினியில் கடவுச்சொல் வந்ததே பலர் பகிரும் ஒரு இயந்திரத்தில் அவரவர் கோப்பை அவரவரிடம் வைத்திருக்கத்தான். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு உருவாக்கிய நேரப்பகிர்வு அமைப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் இருந்தது. 1962-இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தனக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாமல், எல்லோருடைய கடவுச்சொற்களும் இருந்த கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். வாசலில் ஆள் நின்றார். பின்பக்கம் திறந்தே கிடந்தது.

நம் வீடுகளில் அந்தப் பின்பக்கம் எது என்று பார்ப்போம். விண்டோஸ் திறக்கும்போது கேட்கும் கடவுச்சொல், வட்டு மறையாக்கம் செய்யப்படாத கணினியில், முதல் வகையைச் சேர்ந்தது. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டினால் கல்யாணப் போட்டோ முதல் வீட்டுக்கடன் பத்திரம் வரை எல்லாம் தெரியும். பென் டிரைவில் லினக்ஸ் வைத்திருப்பவருக்குக் கழற்ற வேண்டிய வேலைகூட இல்லை. 2006 மே மாதம் அமெரிக்காவில், முன்னாள் படைவீரர் நலத்துறை ஊழியர் ஒருவரின் மேரிலாந்து வீட்டில் திருட்டு நடந்தது. அவர் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த லேப்டாப்பும் வெளி வட்டும் போயின. மறையாக்கம் இல்லாத அவற்றில் சுமார் 2.65 கோடிப் பேரின் விவரங்கள் இருந்தன. அடுத்த மாதமே பொருள்கள் கிடைத்துவிட்டன. யாரும் தகவலைத் தொட்ட தடயம் இல்லை என்றது எஃப்பிஐ. இருந்தும் வழக்கு நடந்து, 2009-இல் 2 கோடி டாலருக்குச் சமரசமானது. அலுவலகக் கோப்பு வீட்டுக்கு வந்தால் வீட்டின் பாதுகாப்புதான் அலுவலகத்தின் பாதுகாப்பும்.

திருடன் எப்போதாவது வருகிறான். சர்வீஸ் கடைக்குக் கணினியைக் கொடுப்பதோ எல்லா வீட்டிலும் நடப்பது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வுக்காக லேப்டாப்களின் உள்ளே நடப்பதையெல்லாம் பதிவுசெய்யும்படி ஏற்பாடு செய்து, பழுதுபார்க்கும் இடங்களில் கொடுத்தார்கள். ஒலி வரவில்லை என்பதே பழுது. அதைச் சரிசெய்ய யாருடைய படத்தையும் திறக்கத் தேவையில்லை. ஆறு இடங்களில் சொந்தத் தகவலைத் திறந்து பார்த்திருந்தார்கள். இரண்டு இடங்களில் பிரதியே எடுத்திருந்தார்கள். “பாஸ்வேர்டு சொல்லுங்க, செக் பண்ணணும்” என்று கடைக்காரர் கேட்டதும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வருவது நம் ஊர் வழக்கம். சொல்லாமல் இருக்க முடியாதுதான். அதனால்தான் உள்நுழையும் கடவுச்சொல்லுக்கு அப்பால், அந்தரங்கக் கோப்புகளுக்கு மட்டும் தனியாக ஒரு மறையாக்கம் வேண்டியிருக்கிறது.

முழு வட்டையும் மறையாக்கும் வசதி புதிதல்ல. மேக் கணினிகளில் ஃபைல்வால்ட் 2003-இல் பயனரின் சொந்த ஃபோல்டருக்கு வந்து, 2011-இல் முழு வட்டுக்கும் விரிந்தது. விண்டோஸில் பிட்லாக்கர், விஸ்டாவோடு 2007-இல் பொதுச்சந்தைக்கு வந்தது. ஆனால் வீட்டுப் பயனர்கள் வாங்கும் ஹோம் பதிப்புக்கு அதை முழுமையாகத் தரவில்லை. அந்தப் பதிப்பில் சில கணினிகளில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்ற எளிய வடிவம் மட்டும் உண்டு. அதிகம் பாதுகாப்பு தேவைப்படும் எளிய மனிதருக்குக் குறைவாகக் கொடுத்த இந்த முடிவு நியாயமானதாக எனக்குத் தோன்றவில்லை. 2024-இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக நிறுவும் பல கணினிகளில் டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே இயங்கத் தொடங்குகிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் 48 இலக்க மீட்புச் சாவி ஒன்று அந்தக் கணக்கில் சேமிக்கப்படுகிறது என்பது பலருக்குத் தெரியாது. மதர்போர்டு மாற்றிய பிறகு நீலத்திரை அந்த 48 இலக்கத்தைக் கேட்கும்போதுதான் தெரிகிறது. கடையில் கணினி வாங்கும்போது அங்கே வேலைபார்க்கும் பையனின் மின்னஞ்சலை வைத்துக் கணக்குத் திறந்திருந்தால் சாவி அவரிடம் இருக்கிறது.

தனிக் கோப்புகளைப் பூட்டுவதில் குழப்பம் இன்னும் அதிகம். எக்செலில் ‘புரொடெக்ட் ஷீட்’ போட்டுச் சம்பளப் பட்டியலைப் பாதுகாத்துவிட்டதாக நினைக்கும் அலுவலகங்கள் ஏராளம். அது கை தவறி யாரும் சூத்திரத்தை அழித்துவிடாமல் இருக்க வைத்த வேலி, ரகசியத்துக்கானது அல்ல. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் பொதி. அதைப் பிரித்து, தாளைப் பூட்டச் சொல்லும் ஒரே வரியை நீக்கினால் பூட்டு போய்விடும். அதே எக்செலின் ஃபைல் மெனுவில் ‘என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு’ என்று ஒன்று இருக்கிறது. அதுதான் மறையாக்கம். அதிலும் கோப்பின் வயதைப் பார்க்க வேண்டும். ஆஃபிஸ் 97 முதல் 2003 வரையான பழைய வடிவத்தின் இயல்பான மறையாக்கம் 40 பிட் சாவி கொண்டது. இன்றைய சாதாரணக் கணினிக்கே அது தாங்காது. 2007-இல் ஏஇஎஸ் என்ற வலுவான மறையாக்கம் வந்தது. கடவுச்சொல்லிலிருந்து சாவியைக் கணக்கிடும்போது ஒரே கணக்கை 50,000 முறையும், பிந்தைய பதிப்புகளில் 1,00,000 முறையும் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார்கள். உரியவர் திறக்கும்போது ஒரு கணம் தாமதம். ஊகித்துத் திறப்பவருக்கோ ஒவ்வொரு ஊகத்திலும் அதே தாமதம். ஆகவே கோப்பு இன்னும் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்திலேயே இருந்தால் புதிய வடிவத்தில் சேமித்துப் பூட்ட வேண்டும்.

ஜிப்பிலும் இப்படி ஒரு பழைய, புதிய பிரிவு உண்டு. ஜிப்பின் தொடக்ககால மறையாக்கத்தை, உள்ளே இருப்பதில் ஒரு சிறு பகுதி முன்பே தெரிந்திருந்தால் உடைத்துவிடலாம் என்று எலி பிஹாமும் பால் கோச்சரும் 1994-லேயே காட்டிவிட்டார்கள். இன்றும் சில மென்பொருள்கள் பழையதையே முதல் தேர்வாக வைத்திருக்கின்றன. செவன்ஜிப் போன்றவற்றில் ஏஇஎஸ்-256 என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முடிந்தால் செவன்ஜிப்பின் சொந்த வடிவத்தில், கோப்புப் பெயர்களையும் மறைக்கும்படி. ஜிப்பில் உள்ளடக்கம் மறைந்தாலும் பெயர்கள் வெளியே தெரியும். ‘விவாகரத்து மனு’ என்ற பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடுமே. ஃபோல்டரை ‘ஹிட்டன்’ ஆக்கி வைப்பதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை; ஒரு அமைப்பை மாற்றினால் தெரிந்துவிடும்.

பிடிஎஃப் விஷயத்தில் நம் நாட்டுக்கே உரிய ஒரு பழக்கம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இ-ஆதார் பதிவிறக்கினால் அதற்கு 8 எழுத்துக் கடவுச்சொல்: பெயரின் முதல் நான்கு எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில், பிறகு பிறந்த ஆண்டு. பெயருக்கு முன்னால் இனிஷியல் போடும் நமக்கு அந்த இனிஷியலும் புள்ளியும் சேர்ந்தே நான்கு, பி. குமார் என்பவருக்குப் பி, புள்ளி, கே, யு. இந்த விதியை ஆதார் ஆணையமே தன் தளத்தில் எல்லோருக்கும் விளக்கியிருக்கிறது. அப்படியானால் கோப்பு யாருடையது என்று தெரிந்தவருக்கு ஊகிக்க மீதம் இருப்பது பிறந்த ஆண்டு ஒன்றுதான். அதிகம் போனால் நூறு முயற்சி. ஆளைப் பார்த்தவருக்குப் பத்தே போதும்.

வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கைக்கு, சிறிய எழுத்தில் பான் எண்ணும் பிறந்த தேதியும் சேர்ந்து கடவுச்சொல். இரண்டும் பான் அட்டையிலேயே அச்சாகியிருக்கின்றன. அந்த அட்டையின் நகலை சிம் கார்டு வாங்கிய கடையில், நகை அடகு வைத்த இடத்தில், வாடகை ஒப்பந்தத்தில் எல்லாம் கொடுத்திருக்கிறோம். வங்கிகள் பலவும் கணக்கு அறிக்கையை இதே முறையில்தான் அனுப்புகின்றன. மின்னஞ்சல் தவறான ஆளுக்குப் போனால் அவர் திறக்க முடியாது என்ற அளவில் இதற்குப் பயன் உண்டு. ஆனால் ஒரு வீட்டுக்குள்ளும், ஒரு அலுவலகத்துக்குள்ளும், ஆடிட்டர் அலுவலகத்திலும், பிரவுசிங் சென்டரிலும் இந்தக் கடவுச்சொல் யாரையும் தடுக்காது. கோடிக்கணக்கானவர்கள் முதன்முதலாகப் பார்க்கும் மறையாக்கம் இதுதான் என்பதால் வரும் தீங்கு வேறு: பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்தால் அதுதான் பாஸ்வேர்டு என்ற பாடத்தை அரசாங்கமே ஊருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது. சொந்தக் கோப்புக்குக் கடவுச்சொல் வைக்கும்போது கை தானாக அதே வடிவத்துக்குப் போகிறது. இந்தக் கோப்புகளைப் பதிவிறக்கியதும் வேறொரு வலுவான மறையாக்கத்துக்குள் போட்டுவிட்டு, டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்து நீக்குவதே சரி. ஆதாரைப் பிறரிடம் கொடுக்க வேண்டியிருந்தால் முதல் 8 இலக்கம் மறைத்த வடிவத்தையே கொடுக்கலாம்.

பிடிஎஃப்பில் இன்னொரு கடவுச்சொல்லும் உண்டு: அச்சிடாதே, நகலெடுக்காதே என்று தடுக்கும் உரிமையாளர் கடவுச்சொல். இது திறக்கும் மென்பொருளின் நல்லெண்ணத்தை நம்பி இருக்கிறது. அந்தத் தடையை மதிக்காத மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

மறையாக்கம் உண்மையானதாகவே இருந்தாலும் எல்லாம் கடைசியில் கடவுச்சொல்லின் வலிமையில் வந்து நிற்கிறது. வங்கித் தளத்தில் மூன்று முறை தவறினால் கணக்கு முடங்கும். கையில் கிடைத்த கோப்புக்கு அந்த எல்லை கிடையாது. பிரதி எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் முயலலாம். மனிதர்கள் எப்படிப்பட்ட கடவுச்சொல் வைக்கிறார்கள் என்று யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சனும் ராபர்ட் மோரிஸும் 1979-இல் எழுதினார்கள். சேகரித்த 3,289 கடவுச்சொற்களில் 86 சதவீதம் மிகக் குறுகியவை, ஒரே வகை எழுத்தாலானவை அல்லது அகராதிகளிலும் பெயர்ப் பட்டியல்களிலும் கிடைப்பவை. முப்பது ஆண்டு கழித்து, 2009-இல் ராக்யூ நிறுவனத்திலிருந்து 3.2 கோடிக் கடவுச்சொற்கள் வெளியானபோது முதலிடத்தில் இருந்தது 123456. பழைய யூனிக்ஸ் கோப்பு ஒன்றிலிருந்த தாம்ப்சனின் சொந்தக் கடவுச்சொல்லும் 2019-இல் உடைந்தது. சதுரங்க நகர்வு ஒன்றைக் குறிக்கும் எட்டு எழுத்து அது. எண்பதுகளில் மிக நல்ல தேர்வு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவரால் விநாடிக்கு 10 லட்சம் ஊகங்கள் முடியும் என்று வைத்துக்கொள்வோம். எட்டு ஆங்கிலச் சிறிய எழுத்துகளை எந்த ஒழுங்கும் இல்லாமல் அடுக்கினால் சுமார் 20,880 கோடி வகை வரும். இரண்டரை நாளில் முடிந்துவிடும். 1995-இல் ஆர்னால்ட் ரெய்ன்ஹோல்ட் சொன்ன முறை வேறு. 7,776 சொற்கள் கொண்ட பட்டியல். பகடையை ஐந்து முறை உருட்டி ஒரு சொல். அப்படி நான்கு சொல் எடுத்தால் அதே வேகத்தில் சுமார் 116 ஆண்டு ஆகும். ஆறு சொல் எடுத்தால் 700 கோடி ஆண்டு. நினைவில் வைப்பதும் எளிது. இதைத் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடித்துச் செய்யலாம்: தறி, நுங்கு, வாய்க்கால், சாம்பிராணி என்பதுபோல. ஆனால் பகடையோ சீட்டோதான் தேர்ந்தெடுக்க வேண்டும், நாம் அல்ல. சினிமாப் பாட்டின் முதல் வரி, குறள், ஊர்த் தெய்வத்தின் பெயர் எல்லாம் நமக்கு முன்பே பட்டியலில் ஏறியவை.

அவ்வப்போது மாற்று, ஒரு பெரிய எழுத்து, ஒரு குறியீடு போடு என்ற அலுவலக விதிகளுக்கு மூலம் 2003-இல் அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனத்துக்காக பில் பர் எழுதிய வழிகாட்டி. 2017-இல் அந்த நிறுவனமே அதைத் திருத்தியது. அதில் பலவற்றுக்காகத் தான் வருந்துவதாக அவரும் வெளிப்படையாகச் சொன்னார். நம் அலுவலகங்கள் பலவற்றில் விதி மட்டும் இன்னும் போகவில்லை. 45 நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொன்னால் மக்கள் கடைசி எண்ணில் ஒன்றைக் கூட்டிக்கொண்டே போவார்கள், வேறென்ன செய்வார்கள்?

அலுவலகக் கணினி பற்றிச் சொல்ல வேண்டியது சுருக்கமானது: அது உங்களுடையது அல்ல. பராமரிப்பாளருக்கு நிர்வாகி உரிமை உண்டு. திரையில் நீங்கள் திறந்த நிலையில் வைத்திருக்கும் கோப்பை அவர் பார்க்கும் வழிகள் உண்டு. வேலையை விட்டுப் போகும் நாளில் கணினி அங்கேயே இருக்கும். சொந்த மருத்துவ அறிக்கையையோ, வேறு வேலைக்கான விண்ணப்பத்தையோ அதில் எவ்வளவு பூட்டினாலும் சரிவராது. மறுபுறம், அலுவலகம் தன் வசம் இருக்கும் பிறர் தகவலைப் பூட்டியே ஆகவேண்டும். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு இல்லாவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 2025 நவம்பரில் அறிவித்த விதிகள் அந்த ஏற்பாடுகளில் ஒன்றாக மறையாக்கத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. சிறு கடைகளும் ஆடிட்டர்களும் புழங்கும் டாலியில் ‘டாலி வால்ட்’ என்ற மறையாக்கம் வெகுநாளாக இருக்கிறது. போட்டால் பட்டியலில் நிறுவனத்தின் பெயர்கூட நட்சத்திரக் குறிகளாகிவிடும். கடவுச்சொல்லை மறந்தால் டாலி நிறுவனத்தாராலும் மீட்டுத் தர முடியாது. அது குறையல்ல, மறையாக்கம் உண்மையானது என்பதற்கான அடையாளம். பூட்டிய கோப்பை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு அடுத்த மின்னஞ்சலிலேயே கடவுச்சொல்லையும் அனுப்பும் வழக்கத்தை மட்டும் நிறுத்தினாலே பாதிப் பிழை தீரும். போனில் சொல்லலாம்.

வீட்டுக்குள் விஷயம் வேறு மாதிரி. “குடும்பத்துக்குள்ள என்ன ரகசியம்?” என்று கேட்பவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. பதினைந்து வயதுப் பெண்ணின் நாட்குறிப்பும், மகனுக்குத் தெரியாமல் அப்பா எடுத்துக்கொண்ட பரிசோதனை முடிவும், அடிவாங்கும் ஒரு மனைவி தேதி போட்டுச் சேர்த்துவைக்கும் படங்களும் அவரவருடையவை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் சொன்னார்கள். மனைவியின் தொலைபேசி அழைப்பு விவரங்களைக் கணவர் அவருக்குத் தெரியாமல் எடுத்து நீதிமன்றத்தில் கொடுத்ததை, 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஏற்க மறுத்தது. கணவன் மனைவிக்கிடையிலும் அந்தரங்க உரிமை உண்டு என்றது. ஆனால் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், வேறொரு மாநிலத்து வழக்கில், ரகசியமாகப் பதிவுசெய்த தம்பதி உரையாடலைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று தீர்ப்பளித்தது. சட்டம் அசைந்துகொண்டிருக்கும்போது கோப்பை மறையாக்கி வைப்பது சந்தேகத்துக்குரிய செயல் அல்ல. இன்னொரு பக்கமும் இருக்கிறது: தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவுப்படி அதிகாரம் பெற்ற அரசு அமைப்பு மறையாக்கத்தை நீக்கித் தரச் சொல்லலாம், மறுத்தால் ஏழு ஆண்டு வரை சிறை.

ஒரே கணினியை நால்வர் பகிர்ந்தால் ஆளுக்கொரு கணக்கு வைப்பது முதல் படி. ஆனால் நிர்வாகிக் கணக்கு வைத்திருப்பவர் மற்றவர்களின் ஃபோல்டரைத் திறக்க முடியும். பல வீடுகளில் அது கணவரோ மகனோ. பிட்லாக்கரும் இங்கே உதவாது. கணினி திறந்தவுடன் வட்டு முழுவதும் எல்லாருக்கும் திறந்துவிடுகிறது. தேவை, தனிக் கடவுச்சொல் கொண்ட ஒரு மறையாக்கப் பெட்டகம். ட்ரூகிரிப்ட் இதற்கு நெடுநாள் பெயர்பெற்ற இலவச மென்பொருள். 2014 மே மாதம் அதை உருவாக்கியவர்கள் இனி இது பாதுகாப்பல்ல என்று எழுதிவிட்டுத் திடீரென நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு முடிந்த சுதந்திரத் தணிக்கையில் பின்வாசலோ பெரிய வடிவமைப்புக் குறையோ இல்லை என்று தெரிந்தது. அதன் வழிவந்த வெராகிரிப்ட் இன்று அந்த இடத்தில் இருக்கிறது. வன்முறை நடக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் என் யோசனை வேறு: அந்தக் கணினியிலேயே வைக்க வேண்டாம். பூட்டிய பெட்டகம் கண்ணில் பட்டாலே ‘திற’ என்ற மிரட்டல் வரும். அதற்கு எந்த மறையாக்கமும் பதில் சொல்லாது. நம்பிக்கையான ஒருவரிடமோ வழக்கறிஞரிடமோ பிரதி இருக்கட்டும்.

மறையாக்கம் எதைக் காக்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கோப்பு திறந்திருக்கும்போது கணினியில் புகுந்த தீநிரல் அதைப் படிக்கும். பணம் கேட்டு மிரட்டும் ரான்சம்வேர், பூட்டிய கோப்பின்மேலேயே இன்னொரு பூட்டைப் போட்டுவிடும். 2017 மே மாதம் பரவிய வான்னாகிரை போன்ற ரான்சம்வேருக்கு நம் கோப்பு ஏற்கெனவே மறையாக்கப்பட்டதா என்பது பொருட்டே அல்ல. மேலும், பூட்டுவதற்கு முன்பிருந்த மூலப்பிரதி ரீசைக்கிள் பின்னிலும், அனுப்பிய மின்னஞ்சலிலும், வாட்ஸ்அப் வெப் வழியாக அம்மாவின் போன் கேலரியிலும் கிடக்கலாம்.

கடைசியாக, தொலைந்துபோகும் சாவி. சான்பிரான்சிஸ்கோவில் வசித்த நிரலாளர் ஸ்டீஃபன் தாமஸ் 7,002 பிட்காயின்களின் சாவியை மறையாக்கப்பட்ட பென் டிரைவில் வைத்து, கடவுச்சொல் எழுதிய காகிதத்தைத் தொலைத்தார். அந்த டிரைவ் தரும் பத்து வாய்ப்பில் எட்டு போய்விட்டதை 2021-இல் உலகமே படித்தது. நம் வீடுகளில் நடப்பது இதைவிடச் சிறியதும் வலி மிகுந்ததும்: வீட்டுக்காரர் திடீரென இறந்துபோகிறார்; காப்பீடு, வைப்புநிதி, கடன் கொடுத்த விவரம் எல்லாம் அவருக்கு மட்டும் தெரிந்த ஒரு கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருக்கிறது. காகிதத்தில் எழுதக்கூடாது என்ற பழைய அறிவுரையை நான் ஏற்பதில்லை. கணினிக்கு அருகில் ஒட்டுவதுதான் தவறு. பெட்டகத்தின் கடவுச்சொல்லையும் 48 இலக்க மீட்புச் சாவியையும் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, பத்திரங்களோடு பீரோவிலோ வங்கி லாக்கரிலோ வைக்கலாம். அந்தரங்கக் கோப்புக்கும் குடும்பத்துக்குத் தேவையான கோப்புக்கும் இரண்டு தனிப் பெட்டகங்கள் வைத்தால், இரண்டாவதன் சாவியை மட்டும் மனைவியிடமோ மகளிடமோ இப்போதே கொடுத்துவிடலாம். கொடுக்கும்போது பக்கத்தில் உட்கார வைத்து, வேறொரு கணினியில் அவரையே ஒருமுறை திறக்கச் சொல்ல வேண்டும். கடவுச்சொல்லை மாற்றும்போதெல்லாம் உறைக்குள் இருக்கும் காகிதத்தையும் அன்றைக்கே மாற்ற வேண்டும்.